குள்ளர்களுக்கு மூடிய வழி

திருச்சுழிக்குப் பக்கம் எங்கள் ஊர். ஊர் என்று பழக்கத்தில் சொல்கிறேன். நாங்கள் இருந்தது காலனியில். ஊருக்கும் காலனிக்கும் நடுவே கண்மாய்க்கரை. மழை பெய்து கண்மாய் பெருகினால் ஒருபோகம் நெல். இல்லாவிட்டால் கரிசலில் சோளம், பருத்தி, மல்லி. அதுவும் பொய்த்தால் சீமைக்கருவேலம் வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுப்போம்.

எங்க அய்யா, அப்பாவைப் பெத்தவர், அந்தக் கண்மாய்க்கு நீர்ப்பாய்ச்சி. எந்த மடையைத் திறந்தால் எந்த வாய்க்காலில் ஓடி, எவ்வளவு நேரத்தில் யார் வயலை எட்டும் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாது. கண்மாய் நிறைந்து கிடக்கும்போது மடை அடைத்துக்கொண்டால் அவர்தான் முங்கிப் போய் எடுத்துவிடுவார். அதற்குக் களத்தில் நெல் அளப்பார்கள். அவர் தண்ணீர் பாய்ச்சிய ஆயக்கட்டில் எங்களுக்கு ஒரு குழி நிலம் கிடையாது.

பள்ளிக்கூடம் ஊருக்குள் இருந்தது. ஊர்த்தெரு வழியாகப் போனால் ஐந்து நிமிடம். கரையைச் சுற்றிப் போனால் அரை மணி. நாங்கள் கரையைச் சுற்றித்தான் போனோம். ஏன் என்று யாரும் சொல்லித் தரவில்லை. ஏழாவது படிக்கும்போது ஒருநாள் நேரமாகிவிட்டதென்று தெருவுக்குள் நுழைந்தேன். திண்ணையில் இருந்தவர், "ஏலேய், யாரு மகன்டா நீயி?" என்று கேட்டார். வேறெதுவும் சொல்லவில்லை. சாயங்காலம் அப்பாவுக்கு ஆள் வந்தது. போய்த் திரும்பிய அப்பா என்னை அடிக்கவில்லை. "சுத்தியே போய்யா. அரை மணி முன்னாடி கெளம்பிக்க" என்றார். அவர் கண்ணைப் பார்க்காமல் சோற்றைத் தின்றேன்.

இதற்கும் கம்ப்யூட்டர் விளையாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

1994-இல் பாலிடெக்னிக் படிக்கும்போது ஒரு சீனியர் அண்ணன் எனக்கு ஒரு ஃப்ளாப்பி கொடுத்தார். அதில் 'அட்வென்ச்சர்' என்ற விளையாட்டு. படம் இல்லை, சத்தம் இல்லை, எழுத்து மட்டும். நீங்கள் ஒரு சாலை முடிவில் நிற்பதாக இங்கிலீஷில் சொல்லும். கிழக்கே போ, விளக்கை எடு என்று ஒன்றிரண்டு சொல்லில் நாம் பதில் அடிக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் ஒரு குகைக்குள் இறங்குவோம். உள்ளே புதையல், பாம்பு, எங்கே திரும்பினாலும் ஒரே மாதிரி இருக்கும் சிக்கல் வழிகள். என் அரைகுறை இங்கிலீஷை வைத்துக்கொண்டு நோட்டின் பின்பக்கங்களில் வழி வரைந்தேன். பாதிக்குகைகூட முடியவில்லை. படிப்பு முடிந்தது. ஃப்ளாப்பி டிரங்குப் பெட்டிக்குள் போனது.

இப்போது அருப்புக்கோட்டையில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடையில் வேலை. 2020 ஊரடங்கில் கடை அடைத்துக் கிடந்தபோது அந்தப் பெட்டியைத் திறந்தேன். ஃப்ளாப்பி எப்படியோ படித்தது. ஆனால் இந்த முறை எனக்கு ஜெயிக்க ஆசை வரவில்லை. இது எப்படி ஓடுகிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்போல இருந்தது. செய்தவன் சொல்லாததை, செய்த பொருளைப் பிரித்தே தெரிந்துகொள்வதை ரிவர்ஸ் இன்ஜினியரிங் என்பார்கள். உலகமெங்கும் இதைப் பொழுதுபோக்காகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். பழைய விளையாட்டுகளை இன்றைய கருவிகளில் ஓடவைக்கும் 'ஸ்கம்விஎம்' என்ற திட்டம் 2001-இலிருந்து நடக்கிறது.

ஃப்ளாப்பியில் புரோகிராமோடு ஒரு தரவுக் கோப்பும் இருந்தது. திறந்தால் இங்கிலீஷ் வாக்கியங்கள், அதற்குக் கீழே வெறும் எண்கள். '1 3 3 12 19 43' என்று ஒரு வரி. பல ராத்திரி பார்த்தேன். விளையாடியும் பார்த்தேன். பிறகு பிடிபட்டது. முதல் எண் நாம் நிற்கும் இடம். இரண்டாவது போய்ச் சேரும் இடம். மற்றவை சொற்கள். 43 என்றால் கிழக்கு. 1-ஆம் இடத்தில் நின்று கிழக்கே என்று சொன்னால் 3-ஆம் இடத்துக்குப் போவாய். எனக்கு அய்யா ஞாபகம்தான் வந்தது. இந்த மடை, இந்த வாய்க்கால், இந்த வயல். இதே பட்டியல்தான் அவர் தலைக்குள்ளும் இருந்தது.

சில வரிகளில் போய்ச் சேரும் இடத்தின் எண்ணோடு ஐம்பதாயிரம் கூட்டியிருந்தது. அதே சொல்லைத் திரும்பத் திரும்ப அடித்து எண்ணிப் பார்த்தேன். பாதித் தடவை ஓர் இடத்துக்கும் மீதித் தடவை வேறோர் இடத்துக்கும் போனது. அப்படியானால் 50 என்பது நூற்றுக்கு ஐம்பது. இதுவும் பிடிபட்டது.

வேறு சில வழிகளில் ஒரு லட்சம் கூட்டியிருந்தது. அதாவது 100. அந்த வழிகளில் எத்தனை தடவை போய்ப் பார்த்தாலும் தடை இல்லை. விளக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் திறந்தது. எப்போதும் திறந்திருக்கும் வழிக்கு எதற்குத் தனி அடையாளம்? எனக்கு விளங்கவே இல்லை. கடைசியில் 1977-இல் டான் வுட்ஸ் எழுதிய மூலப் புரோகிராமைத் தேடி எடுத்தேன். அதில் குறிப்பு இருந்தது. 100 என்றால் நிபந்தனையில்லாத வழி, ஆனால் குள்ளர்களுக்குத் தடை.

கதைகளில் வரும் குள்ளர்கள்தான். குகைக்குள் ஐந்து பேர் அலைவார்கள். அவர்களை நகர்த்துவது புரோகிராம். விளையாடுகிறவர் எந்நேரமும் மனிதர்தான், குள்ளராக விளையாட முடியாது. ஆகவே ஆயுசு முழுக்க விளையாடினாலும் அப்படி ஒரு சட்டம் இருப்பது அவருக்குத் தெரிய வராது. அவருக்கு எல்லா வழியும் வழிதான். வுட்ஸ் சாதி பார்த்து எழுதினார் என்று நான் சொல்லவில்லை. ஆட்டம் சரியாக ஓட அது தேவைப்பட்டிருக்கும். ஆனால் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள், என்னோடு ஒரே பெஞ்சில் படித்த ஊர்த்தெருப் பையனுக்குப் போன் போட்டேன். சென்னையில் நல்ல வேலையில் இருக்கிறான். நல்லவன்தான். பேச்சோடு பேச்சாக, "நாங்க ஏன்டா கரையச் சுத்தி வந்தோம்?" என்று கேட்டேன்.

"நீங்கதான்டா அந்தப் பக்கம் போனீங்க. நம்ம தெருவுல யாரு தடுத்தா? நான் தெனமும் அதுலதான போவேன்" என்றான்.

அவன் பொய் சொல்லவில்லை. அவன் நடந்தபோது வழி திறந்துதான் இருந்தது. வருவாய்த்துறை வரைபடத்திலும் அது பொதுப்பாதைதான். 100 என்ற எண் அதில் அச்சாகியிருக்காது. தோழர்களே, 'எங்க ஊர்ல அதெல்லாம் இல்லீங்க' என்று சொல்பவர்களை நாம் எல்லோரும் சந்தித்திருக்கிறோம். அவர்கள் விளையாடுகிறவர்கள். தெருவில் விழுந்த ஏச்சையும் அடியையும் வைத்து, எழுதாத அந்தச் சட்டத்தைப் பிரித்துப் படித்துக்கொண்டவர்கள் நாம்.

அந்தக் குகையின் கதையையும் தேடினேன். குகை கற்பனை இல்லை. வுட்ஸுக்கு முன்னால், 1975-76-இல், விளையாட்டை முதலில் எழுதியவர் வில் கிரௌதர். அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்துக் குகைகளில் தன் மனைவி பாட்ரிசியாவோடு இறங்கி அளந்தவர். மணமுறிவுக்குப் பிறகு, தன் பெண்பிள்ளைகளுக்காக அந்தக் குகையை விளையாட்டாக எழுதினார். அவர்கள் அளந்த குகைகளும் பக்கத்து மாமத் குகையும் ஒன்றோடொன்று சேர்ந்தவை என்று 1972-இல் உறுதியானது. கண்டுபிடித்த குழுவில் பாட்ரிசியாவும் இருந்தார்.

அந்த மாமத் குகையை நூற்றுச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன்பே இருட்டில் தடவித் தடவி அறிந்தவர் ஸ்டீபன் பிஷப், ஒரு கறுப்பின அடிமை. 1838-இல் பார்வையாளர்களுக்கு வழிகாட்ட அங்கே கொண்டுவரப்பட்டார். அடியில்லாப் பள்ளம் என்று எல்லோரும் பயந்து திரும்பிய குழியை அவ்வாண்டே கடந்தார். அப்பால் ஓடிய ஆறுகளைக் கண்டார். அவற்றில் கண்ணில்லாத மீன்கள் இருந்தன. மறு ஆண்டு ஜான் குரோகன் என்ற மருத்துவர் குகையை விலைக்கு வாங்கினார். பிஷப்பும் அவருடைய உடைமையானார். 1842-இல் பிஷப் நினைவிலிருந்தே குகையின் வரைபடத்தை வரைந்தார். அது அவர் பெயரோடு அச்சாகியது. 1856-இல் விடுதலை. 1857-இல் இறந்துவிட்டார்.

அடிமையாக இருந்தவர் பெயர் வரைபடத்தில் இருக்கிறது. எங்க அய்யா பெயர் எந்தக் காகிதத்தில் இருக்கிறது? கண்மாய்க் கணக்கில் தேடினால் 'நீர்ப்பாய்ச்சி' என்ற வேலைதான் இருக்கும். அவர் தலையில் இருந்த பட்டியல் அவரோடு மண்ணுக்குள் போய்விட்டது.

ஆகவே நானே ஒரு விளையாட்டு எழுதினேன். குகைக்குப் பதில் எங்கள் கண்மாய். அப்பாவிடம் கேட்டுக் கேட்டு மடைகளையும் வாய்க்கால்களையும் பட்டியலிட்டேன். தமிழில் அடிக்கலாம். 'திற' என்றாலும் திறக்கும், 'தெற' என்றாலும் திறக்கும். பழைய விளையாட்டு ஒரு சொல்லின் முதல் ஐந்து எழுத்தைத்தான் பார்க்கும். நம் பாஷையில் மடையை, மடைக்கு, மடையில் என்று வால் மாறுவதால் வாலை வெட்டிப் பார்க்கும்படி எழுதினேன். 100-ஐ நான் எடுத்துவிடவில்லை. ஆனால் ஒளித்தும் வைக்கவில்லை. என் விளையாட்டில் விளையாடுகிறவர் காலனிப் பிள்ளை. ஊர்த்தெருவுக்குள் நுழைந்தால் திரையில் எழுத்து வரும்: "யாரு மகன்டா நீயி?"

போன மாதம் என் மகள் விளையாடினாள். கேள்வி வந்ததும் அவள் யோசிக்கவில்லை. தன் பூட்டன் பெயரை அடித்தாள். "இந்தச் சொல் எனக்குத் தெரியாது" என்றது விளையாட்டு. முகப்பில் அய்யா பெயரைப் போட்டிருந்தேன். சொற்பட்டியலில் சேர்க்க மறந்திருக்கிறேன்.

"உங்க அய்யா பேரே இதுக்குத் தெரியலையேப்பா" என்றாள்.

இன்று அந்தத் தெரு வழியாகத்தான் எங்கள் பிள்ளைகள் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறார்கள். எங்கள் சாவு மட்டும் இன்னமும் கரையைச் சுற்றித்தான் போகிறது. எண்ணை அழிக்கவில்லை, வரியை மட்டும் மாற்றி எழுதியிருக்கிறார்கள். அதையும் என் பட்டியலில் குறித்திருக்கிறேன்.

அய்யா பெயரை அன்று ராத்திரியே சேர்த்துவிட்டேன். இப்போது அந்தக் கேள்விக்கு அந்தப் பெயரை அடித்தால், தெரு திறக்கும்.