காற்றுக்குப் பத்திரம் இல்லை

அமெரிக்காவில் ‘டைனி ஹவுஸ்’ என்றொரு இயக்கமே நடந்துவருவதை நண்பர்கள் அறிந்திருக்கக்கூடும். அந்நாட்டுக் குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பின் 2018ஆம் ஆண்டுப் பதிப்பு, பரணை நீக்கி 400 சதுர அடிக்கு மிகாத வீட்டை இப்பெயரால் வரையறுத்து, அதற்கெனத் தனிப் பின்னிணைப்பே சேர்த்தது. அக்கணக்கின்படி கோடம்பாக்கத்துச் சந்துகளில் எத்தனையோ குடும்பங்கள் எந்த இயக்கத்திலும் சேராமலேயே ‘டைனி ஹவுஸ்’வாசிகள்தாம். சென்ற ஆண்டு நாங்களும் அவர்களோடு சேர்ந்தோம்.

நாங்கள் என்பது ஆசிரியத் தொழிலில் இருக்கும் கணவன் மனைவி இருவரும், இழைப்பு நோயுள்ள அம்மாவும். பதினெட்டு ஆண்டுச் சேமிப்போடு வங்கிக் கடனையும் கூட்டினால் இப்பகுதியில் நானூறு சதுர அடிக்குமேல் எட்டாது என்பது முதல் வாரத்திலேயே தெளிவாகிவிட்டது. ஆகவே எவ்வளவு பெரிய வீடு என்ற கேள்வி எங்களுக்கு எழவேயில்லை. எத்தகைய சிறிய வீடு என்பதே கேள்வி.

மேலைநாட்டுச் சிறுவீட்டுப் படங்களில் கூரையடிப் பரணில் மெத்தை விரித்திருப்பார்கள். வெப்பக்காற்று மேலேறும் என்பதால் குளிர்நாட்டில் அது சுகம். சென்னையில் அதே காரணத்தால் அது அடுப்பு. நம் முன்னோர் பரணில் பித்தளை அண்டாவையும் ஊறுகாய்ச் சாடியையும் ஏற்றிவைத்துவிட்டுத் தாங்கள் தரையில் பாய் விரித்துப் படுத்ததில் பொருளில்லாமல் இல்லை.

நாங்கள் பார்த்த முதல் வீடு புதியது. நான்காம் தளம், மேலே மொட்டைமாடி, படுக்கையறைச் சுவர் மேற்கு நோக்கியது. 600 சதுர அடி என்றார்கள். நாடாவைப் பிடித்து அளந்தபோது உட்பரப்பு 430தான் தேறியது. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் உட்பரப்பு என்பதற்குத் தெளிவான வரையறை தந்திருக்கிறது: வெளிச்சுவர்களும் பால்கனியும் அதில் சேரா. ஆனால் மனை 500 சதுர மீட்டருக்கு மிகாமலோ, வீடுகள் எட்டுக்கு மிகாமலோ இருந்தால் திட்டத்தைப் பதிவு செய்யவேண்டியதில்லை என்றும் அச்சட்டமே சொல்கிறது. இரண்டு கிரவுண்டு மனை என்பது 4800 சதுர அடி, அதாவது 446 சதுர மீட்டர். கோடம்பாக்கத்தில் ஒன்றிரண்டு கிரவுண்டில் எழும் கட்டடங்கள் இந்த விலக்குக்குள் வந்துவிடுகின்றன. இங்கே வாங்குபவருக்கு அளவுநாடாதான் துணை.

மேற்குச் சுவரைப் பற்றிக் கேட்டோம். “ஏசி போட்டுட்டா எல்லா திசையும் ஒண்ணுதான் சார்” என்றார் தரகர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் வாடகை வீட்டில் மூன்று நாள் மின்சாரம் இல்லை. அந்த மூன்று நாளும் அம்மா இருந்த ஒரே சன்னலோரத்தில் நாற்காலியைப் போட்டு, இரவிலும் உட்கார்ந்தே மூச்சுவிட்டார். மின்சாரம் போனபின் ஒரு வீட்டிடம் எஞ்சியிருப்பது அதன் திசையும் சன்னலும் மட்டுமே என்பதை அப்போது கண்டோம். அதைத் தரகரிடம் சொல்லவில்லை. நன்றி கூறி இறங்கிவந்தோம்.

சென்னை ஏறத்தாழ 13 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் பிற்பகுதியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகற் சூரியன் நேர் தலைக்குமேல் வரும். இடைப்பட்ட மாதங்களில் சற்றே வடக்கே விலகி நிற்கும். ஆகவே கடுங்கோடையில் தெற்குச் சன்னலுக்குள் உச்சிவெயில் நுழைவதில்லை. பிற்பகலில் கடற்காற்று வருவதோ தென்கிழக்கிலிருந்து. மேற்குச் சுவரில் சாய்ந்து விழும் மாலை வெயிலை மட்டும் எந்தச் சிறு சன்ஷேடும் தடுக்காது. நெடுநல்வாடையில், வேனிற்காலத்தில் துயிலும் இடத்துக்குத் தென்காற்றைத் தரும் சாளரங்கள் கூதிர்க்காலத்தில் அடைபட்டுக் கிடப்பதாக ஒரு செய்தி வரும். குளிரின் மிகுதியைக் காட்ட வருவது அது. வீடு தேடி அலைந்த எங்களுக்கோ அந்தச் சாளரம் எந்தத் திசையில் இருந்தது என்பதே பெரிதாகப் பட்டது.

ரங்கராஜபுரம் பக்கம் தொண்ணூறுகளில் கட்டிய மூன்று தளக் கட்டடம் ஒன்றில் முதல் தளத்து வீடு கிடைத்தது. உட்பரப்பு 390 சதுர அடி. தரைத்தளம் இல்லையாதலால் வெள்ளம் எட்டாது; கடைசித் தளமும் இல்லையாதலால் கூரை காயாது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு வாழறைக்குக் குறைந்தது 9.5 சதுர மீட்டர், சுமார் 102 சதுர அடி, வேண்டும் என்கிறது. ஈரமும் வெப்பமும் மிக்க நிலத்தில் சன்னல் திறப்பு தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்கவேண்டும் என்றும் சொல்கிறது. அப்படியானால் 17 சதுர அடி. இவ்வீட்டு அறையில் தெற்கிலும் கிழக்கிலுமாக இரண்டு சன்னல்கள், சேர்ந்து 24 சதுர அடி. பழைய கட்டடம் என்று வங்கி கடனைக் குறைத்தது. அந்தத் துண்டை மனைவியின் வளையல்கள் அடைத்தன. வீடுகள் குறைவானதால் நிலத்தில் பிரிபடாத பாகம் மட்டும் தாராளமாகவே வந்தது. ஒப்புதல் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு கட்டடத்தைச் சுற்றிவந்தோம். பக்கவெளிகளில் யாரும் கொட்டகை போட்டிருக்கவில்லை.

கிழக்குச் சன்னலுக்கு எதிரே ஓட்டுவீடு ஒன்று இருக்கிறது. அதன் தலைக்குமேல்தான் எங்கள் காற்று வருகிறது. ஒருநாள் அதுவும் விற்கப்படும். 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் தளப்பரப்புக் குறியீட்டை 2 ஆக்கியிருக்கின்றன. மனையைப்போல் இருமடங்கு தளப்பரப்பு அங்கே எழலாம். அது அவர்கள் உரிமை. அன்று எங்களுக்கு மிஞ்சப்போவது, இரு கட்டடங்களுக்கும் நடுவே விதி விடச்சொல்லும் சில அடி வெளி மட்டுமே. பக்கவெளி என்றால் இடத்தை வீணாக்கும் சர்க்கார் கெடுபிடி என்று அலுத்துக்கொள்பவர்கள் உண்டு. சிறிய வீட்டில் இருப்பவர்கள் மூச்சுவிடுவது அந்தச் சில அடியில்தான். நாங்கள் பதிவுசெய்த பத்திரத்தில் சுவர் இருக்கிறது, நிலத்தின் பாகம் இருக்கிறது, நான்கெல்லை இருக்கிறது, காற்று இல்லை. அதற்கான பத்திரம் பக்கத்து மனைக்காரர் கையில் இருக்கிறது.

அம்மா கிழக்குச் சன்னலருகே கட்டிலைப் போடச் சொல்லியிருக்கிறார். போட்டிருக்கிறோம்.