பழைய கணினியும் மூன்று பாடல்களும்

காலையில் எழுந்ததும் கணினியின் பொத்தானை அழுத்திவிட்டுப் பால் வாங்கக் கிளம்புவது நம் வழக்கமாக இருந்தது. தெருமுனைக் கடைவரை நடந்து, கடைக்காரரிடம் இரண்டு வார்த்தை பேசி, திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் திரையில் சின்னங்கள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டிக்கொண்டிருக்கும். அதன்பிறகு ஓர் ஆவணத்தைத் திறக்க முயன்றால் நீலவட்டம் ஒன்று சுழன்றுகொண்டே இருக்கும். வயதானவர்கள் மெல்லத்தான் எழுவார்கள் என்று நாம் சமாதானம் செய்துகொண்டோம்.

2014-ஆம் ஆண்டு தீபாவளிக்கு முன்பு வாங்கிய மேசைக்கணினி அது. இன்டெல் ஐ5-4460 செயலி, 4 ஜி.பி. ராம், 1 டி.பி. வன்தட்டு. தமிழ் இலக்கியத்தில் முதுகலை பயின்று கல்லூரியில் விரிவுரையாளராகப் பணியாற்றும் நமக்கு அந்த எண்கள் அன்று எதையும் உணர்த்தவில்லை. ‘பத்து வருஷம் உழைக்கும் சார்’ என்றார் கடைக்காரர். அவர் வாக்குப் பொய்க்கவில்லை. பத்தைக் கடந்து பதினோராவது ஆண்டில்தான் இக்கட்டுரைக்கான சங்கதிகள் நிகழ்ந்தன.

சுயநிதிப் பிரிவு விரிவுரையாளரின் ஊதியம் எவ்வளவு என்பது நண்பர்களுக்குத் தெரிந்ததே. அந்தப் பற்றாக்குறையை ஈடுகட்ட, சிறு பதிப்பகங்களுக்கு நூல்களின் பக்கங்களையும் அட்டைகளையும் வடிவமைத்துக் கொடுத்துவந்தோம். துறையின் ஆண்டுமலரும் இந்தக் கணினியில்தான் உருவாயிற்று. நம் மகன் கார்ட்டூன் பார்க்கத் தொடங்கியதும், பிறகு விளையாடத் தொடங்கியதும் இதில்தான். ஆக, நம் வீட்டில் ஒரே பொறிக்கு இரண்டு உரிமையாளர்கள். பகலில் அது அச்சகம், மாலையில் ஆடுகளம்.

கணினி தளர்ந்தபோது நாம் குற்றவாளியைத் தேடி வெகுதூரம் போகவில்லை. ‘கேம்ஸ் போட்டுப் போட்டே இத நாசம் பண்ணிட்ட’ என்றோம். மகன் பத்தாம் வகுப்புப் படித்த ஆண்டில் விசைப்பலகையைக் கழற்றிப் பீரோவில் வைத்துப் பூட்டியதும் உண்டு. தேர்வு முடிந்த 2023 கோடையில் ஒருநாள் அவன் வந்து, ‘அப்பா, உள்ள ஹார்ட் டிஸ்க் டிக் டிக்குனு சத்தம் போடுதுப்பா. காப்பி எடுத்து வெச்சுக்கோங்க’ என்றான். நாம் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தோம். தலையை நிமிர்த்தாமலே, ‘நீ விளையாடாம இருந்தா அது சத்தம் போடாது’ என்று பதில் சொன்னோம். அவன் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதை நம் வீட்டில் இவ்வாறு நடந்தது.

* * *

2025 அக்டோபரில் இரண்டு செய்திகள் ஒன்றாக வந்துசேர்ந்தன. முதலாவது, விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்தது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட பட்டியலில் இன்டெல் செயலிகள் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகின்றன. நம்முடையது நான்காம் தலைமுறை. இரண்டாவது, நமக்கு வேலை தரும் பதிப்பக நண்பர் இனி எல்லாக் கோப்புகளும் ஒருங்குறியில் வேண்டும் என்று திட்டமாகச் சொல்லிவிட்டார்.

நாம் அதுவரை பேஜ்மேக்கரில் காலந்தள்ளியவர்கள். அதன் 7.0 பதிப்பு 2001-இல் வெளிவந்தது. தமிழ் ஒருங்குறி அதில் செல்லாது. ஆங்கில எழுத்துகளின் இருக்கைகளில் தமிழ் எழுத்துகளை உட்காரவைத்த பழைய எழுத்துருக்களே அதற்கு உகந்தவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் நம் தமிழ் ஆங்கிலக் கிறுக்கலாகக் காட்சியளிக்கும். தமிழக அரசு 2010-லேயே ஒருங்குறியைத் தரமாக அறிவித்துவிட்டது. நாம்தான் பதினைந்து ஆண்டு பின்தங்கியிருந்தோம்.

புதுக்கணினி வாங்க விலை கேட்டோம். கடைக்காரர் எழுதிக்கொடுத்த சீட்டின் அடித்தொகை 72,000 ரூபாய். துணைவியார் அதைப் படித்துவிட்டு மடித்து நம் சட்டைப்பையிலேயே திரும்ப வைத்தார். பேச்சு அத்தோடு முடிந்தது.

அன்றிரவு மகன் நம் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். இப்போது அவன் காட்சித் தொடர்பியல் முதலாண்டு மாணவன். வடிவமைப்பு அவனுக்கும் பாடமாகிவிட்டது. ‘கோவப்படாம பாருங்கப்பா’ என்று டாஸ்க் மேனேஜரைத் திறந்து காட்டினான். விளையாட்டு எதுவும் ஓடவில்லை. செயலி நூற்றுக்குப் பத்தளவுகூட உழைக்கவில்லை. ராம் ஏறத்தாழ நிரம்பியிருந்தது. வன்தட்டுக்கு நேரே 100 விழுக்காடு என்று சிவந்து நின்றது.

அவன் விளக்கியதை நம் மொழியில் சொல்கிறோம். வன்தட்டு என்பது நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும் வட்டு. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 8 மில்லிநொடி. வேண்டிய இடத்திற்கு அதன் முள் நகர்ந்து, வட்டும் சுழன்று வந்துசேர வேண்டும். ஆகவே சிதறிக்கிடக்கும் இடங்களில் நொடிக்கு நூறைக்கூட அது தொட்டுவிட முடியாது. எஸ்.எஸ்.டி.யில் நகரும் உறுப்பே கிடையாது. அது நொடிக்குப் பல்லாயிரம் இடங்களைத் தொடும்.

இனி ராம். ஒரு நூலின் முன்னட்டை, முதுகு, பின்னட்டை மூன்றும் சேர்ந்து 12 அங்குல அகலம், 8.5 அங்குல உயரம் என்று கொள்வோம். அச்சுக்கு அங்குலத்திற்கு 300 புள்ளிகள் வேண்டும். பெருக்கினால் ஏறத்தாழ 92 இலட்சம் புள்ளிகள். ஒரு புள்ளிக்கு நான்கு பைட்டு என்றால் ஓர் அடுக்குக்கு 37 எம்.பி. இருபது அடுக்கு வைத்தால் 700 எம்.பி.யைத் தாண்டும். இதோடு இயங்குதளமும் உலாவியும் 4 ஜி.பி.க்குள் அடங்கியாக வேண்டும். அடங்காதவற்றைக் கணினி வன்தட்டில் கொண்டுபோய் வைக்கிறது, மீண்டும் எடுத்துவருகிறது, மீண்டும் வைக்கிறது. அதாவது, பொறியை அதிகம் வதைத்தது நம் அட்டை வடிவமைப்பே. நாம் பேசாதிருந்தோம்.

பிறகு அவன் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்னும் சிறு மென்பொருளை ஓட்டினான். நீலம் தெரியவேண்டிய இடத்தில் மஞ்சள். வன்தட்டில் படிக்க இயலாமற்போன பகுதிகள் பெருகியிருந்தன. ‘இது செத்துக்கிட்டு இருக்குப்பா’ என்றான்.

* * *

அப்போதுதான் நமக்கு நினைவு வந்தது.

நம் தாயார் மன்னார்குடிப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்தவர். எழுத்தறியாதவர். நடவுப் பாட்டும் தாலாட்டும் ஒப்பாரியும் அவர் நெஞ்சில் நிறைந்திருந்தன. 2015 கோடை விடுமுறையில் சிறு ஒலிப்பதிவுக் கருவி ஒன்றை வைத்து 41 பாடல்களைப் பதிவு செய்தோம். ஆய்வுக் கட்டுரையாக எழுதும் எண்ணம். அம்மா 2019-இல் மறைந்தார். அதன்பின் அந்தக் கோப்புறையைத் திறந்து கேட்கும் துணிவு வரவில்லை. திறக்காத கோப்புறைக்குப் படி எடுக்கவும் தோன்றவில்லை. 41 பாடல்களும் அந்த வன்தட்டில் மட்டுமே இருந்தன.

ஒவ்வோராண்டும் வகுப்பில் பதிப்பு வரலாறு நடத்துகிறோம். உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்ததையும், ஏடு தேடி அவர் ஊர் ஊராக அலைந்ததையும், செல்லரித்த ஏடுகளையும் உணர்ச்சிபொங்கச் சொல்வோம். ‘உரிய காலத்தில் படியெடுக்காத அலட்சியத்தால் அழிந்த நூல்கள் எத்தனை!’ என்று கரும்பலகையின் முன் நின்று கையை விரிப்போம். வீட்டில் ஓர் ஏடு அரித்துக்கொண்டிருந்ததை ஒரு சிறுவன் வந்து சொன்னபோது விடைத்தாளிலிருந்து தலை நிமிரவில்லை.

மகன் உடனே கணினியை அணைத்தான். ‘இனிமே இத சும்மா சும்மா ஆன் பண்ணக் கூடாது’ என்றான். மறுநாள் நண்பனிடம் இரவல் வாங்கிய புறவன்தட்டோடும், லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவோடும் அமர்ந்தான். டிடிரெஸ்க்யூ என்னும் கருவி, பழுதற்ற பகுதிகளை முதலில் படியெடுத்துவிட்டுப் பழுதான இடங்களுக்குப் பிறகு திரும்பிவரும். இரண்டு இரவும் ஒரு பகலும் அது ஓடியது. கல்லூரியில் நம் உடல் மட்டும் இருந்தது.

38 பாடல்கள் முழுமையாகக் கிடைத்தன. மூன்றில் துளைகள். அம்மாவின் குரல் ஓரடி பாடும், பிறகு நீண்ட மௌனம், பிறகு ஒரு சொல், மீண்டும் மௌனம். சிதைந்த ஏட்டைப் பதிப்பிக்கும்போது விடுபட்ட இடத்தில் புள்ளியிடுவார்களே, அது ஒலியானால் இப்படித்தான் இருக்கும் போலும். மூன்றுமே ஒப்பாரிகள். நம் தந்தையார் இறந்தபோது அம்மா பாடியவை.

2023-இல் படியெடுத்திருந்தால் அவையும் முழுமையாக இருந்திருக்கலாம். இதை மகன் சொல்லவில்லை. அவன் சொல்லாததே நமக்குக் கனமாக இருந்தது.

* * *

அடுத்த சனிக்கிழமை தந்தையும் மகனுமாக ரிச்சி தெருவுக்குச் சென்றோம். அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையத்தில் இறங்கி நடந்தால் சிறிது தூரம்தான். இம்முறை நாம் பின்னால் நடந்தோம், அவன் முன்னால்.

அவன் திட்டம் எளியது. எந்த இடத்தில் தடை இருக்கிறதோ அங்கே மட்டும் செலவு. முதலாவது 480 ஜி.பி. எஸ்.எஸ்.டி. அடுத்தது ராம். நம் எச்81 மதர்போர்டில் இரண்டே இடங்கள்; இடத்திற்கு 8 வீதம் 16 ஜி.பி.தான் உச்சம். டிடிஆர்3 வகை பழையதாகிவிட்டதால் பயன்படுத்திய இரண்டை மலிவாகவே பேரம் பேசி வாங்கினான். மூன்றாவது, பழைய ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு. 75 வாட்டுக்குள் அடங்குவதும், தனி மின்கம்பி கேட்காததுமான ஒன்றைத் தேடிப் பிடித்தான். பதினோராண்டு உழைத்த எஸ்.எம்.பி.எஸ்.ஸை நம்பிப் புதுக்கார்டைக் கொடுக்கக் கூடாது என்று அதையும் மாற்றச் சொன்னான். அதே சாக்கெட்டில் பொருந்தும் ஐ7 செயலியைக் கடைக்காரர் எடுத்துக்காட்டியபோது, ‘வேணாங்கண்ணா, அந்தக் காசுக்கு அவ்ளோ வித்தியாசம் தெரியாது’ என்று மறுத்துவிட்டான். மொத்தம் 14,300 ரூபாய் ஆயிற்று. அடுத்திருந்த கடையில் தேநீர் அருந்தியபோது, ‘அன்னைக்கு நீ சொன்னத நான் கேட்டிருக்கணும்’ என்றோம். ‘விடுங்கப்பா’ என்று கண்ணாடிக் குவளையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

வீட்டுக்கு வந்து கேபினட்டைத் திறந்தபோது உள்ளே அரை விரற்கடை தூசு. தூரிகையால் துடைத்து, செயலியின் மேலிருந்த காய்ந்த பசையைச் சுரண்டிப் புதுப்பசை தடவினான். இரண்டு இயங்குதளங்களை நிறுவினான். நமக்கு லினக்ஸ், அதில் பக்கங்களுக்கு ஸ்கிரைபஸ், கோட்டோவியங்களுக்கு இங்க்ஸ்கேப், படங்களுக்கு ஜிம்ப். மூன்றும் இலவசம், ஒருங்குறித் தமிழையும் ஒழுங்காகக் காட்டுகின்றன. அவன் விளையாட்டுகளுக்கு மட்டும் விண்டோஸ் 10. ஓராண்டுக்கு நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டத்தில், 2026 அக்டோபர் 13 வரைக்கும், அதைப் பதிவு செய்துவைத்தான்.

பொத்தானை அழுத்தினோம். பால்கடைக்குப் போக நேரமில்லை. இருபது நொடியில் திரை தயாராகிவிட்டது. அன்று மாலை அவன் ஜிடிஏ 5 ஆடினான். நகரத்தின் மழையும் விளக்குகளும் தடையின்றி ஓடின. வேகமாகத் திறப்பது எஸ்.எஸ்.டி.யால், காட்சி சீராக ஓடுவது கார்டால் என்று அவன் பாடம் நடத்த, நாம் மாணவராய்க் கேட்டோம். இடைவேளையில் அவன் ஈ.ஏ. கிரிக்கெட் 07-ஐ நிறுவித் தந்தான். நம் இளமைக்கால ஆட்டம். ஆறு ஓவரில் 19 ஓட்டங்களுக்கு நம் அணி சுருண்டது. கணினியின் மேல் பழிபோட இனி வழியில்லை.

பழைய கணினி வைத்திருக்கும் நண்பர்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. புதியது வாங்குமுன் தடை எங்கே என்று பாருங்கள். பெரும்பாலும் வன்தட்டிலும் ராமிலும்தான் இருக்கும். அதற்கும் முன்னால், உள்ளே இருப்பவற்றில் திரும்பப் பெறமுடியாதது எதுவோ அதற்கு இன்றிரவே இரண்டு படி எடுத்துவையுங்கள். ஒன்று வேறோர் இடத்தில் இருக்கட்டும். வீட்டில் பிள்ளைகள் ஏதேனும் சத்தம் கேட்கிறது என்று சொன்னால் எழுந்துபோய்க் கேளுங்கள்.

துளைவிழுந்த அந்த மூன்று கோப்புகளை நாம் அழிக்கவில்லை. அம்மாவின் தங்கை, நம் சித்தி, இன்னும் ஊரில் இருக்கிறார். எண்பதைத் தொட்டுவிட்டார். தொலைபேசியில் கேட்டபோது, ‘அக்கா பாடுனது எனக்கும் கொஞ்சம் ஞாபகம் இருக்குடா, வா’ என்றார். அம்மா பாடியதும் இவர் பாடுவதும் ஒன்றாக இராது. பாடவேறுபாடு இருக்கத்தான் செய்யும். பொங்கல் விடுமுறையில் போகிறோம். ஒலிவாங்கியைத் தானே எடுத்துவருவதாக மகன் சொல்லியிருக்கிறான்.