இமைமேல் காக்காப்பொன்

முதல் ஆய்வு உதவித்தொகையில் ஐஷேடோ பெட்டி ஒன்று வாங்கினேன், ஒன்பது வண்ணங்கள். "ஆய்வு மாணவிக்கு இதெல்லாம் எதற்கு?" என்றாள் தில்லி விடுதித் தோழி. கருநீலம் ஒரே பூச்சில் படிந்து மாலைவரை நின்றது. மஞ்சள் மாவாய் உதிர்ந்தது. மயில்பச்சையே பேரழகு, தலை அசையுந்தோறும் நிறம் மாறி மின்னியது.

அம்மினுக்கம் டைட்டானியம் டை ஆக்சைடு பூசிய மைக்காத் துகள்களால் வருவது. மைக்கா என்பது நம் காக்காப்பொன்தான். ஜார்க்கண்டின் கோடர்மா, கிரிதி மாவட்டங்களில் அதன் உதிரிகளைக் குழந்தைகளும் பொறுக்கி வந்திருக்கின்றனர். என் பெட்டியின் அட்டையில் 'மைக்கா' என்றிருக்கிறது, எவ்வூரது என்றில்லை.

வண்ணம் அணிய எனக்கு வெட்கமில்லை. ஆயினும், மூலம் குறிக்காத மேற்கோளை ஏற்காத நாம், மூலம் குறிக்காத மினுக்கத்தை மட்டும் ஏற்கலாமா? ஊர்ப்பெயரைக் கேட்டு நிறுவனத்துக்கு இன்று எழுதியிருக்கிறேன்.