எலுமிச்சையும் இரும்புச் சங்கிலியும்

நம் 1489 சி.சி. டீசல் அம்பாசிடரின் டைமிங் செயின் அறுந்தது. "கண்ணேறு, எலுமிச்சை வையுங்கள்!" என்றனர் பலர். ரெட்டியார்பாளையத்துப் பட்டறைத் தோழரோ எஞ்சினைத் திறந்தார்.

கிராங்க் இருமுறை சுழன்றால் கேம் ஒருமுறை சுழலவேண்டும். அந்தக் கணக்கைக் காப்பது செயின். டீசல் எஞ்சினில் பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடைவெளி மயிரிழையே. தேய்ந்த செயின் அறுந்தது, கணக்குத் தவறியது, பிஸ்டன் மோதி வால்வுகள் வளைந்தன. இதிலே கண்ணேறு எங்கே?

புதுச் செயின், புது வால்வுகள் பூட்டினார். பற்சக்கரக் குறிகளை நேர்நிறுத்தினார். கிராங்கைக் கையால் இருமுறை சுழற்றிச் சரிபார்த்த பின்னரே சாவியைத் திருப்பினார். எஞ்சின் உறுமிற்று!

2014இல் உற்பத்தி நின்ற வண்டிக்கு உயிரூட்டியவரை, 'படிக்காதவர்' என்கிறது ஊர். பட்டம் பெற்ற நாம் அறியாத கணக்கை அறிந்தவரன்றோ அவர்! எலுமிச்சைக்குத் தரும் மதிப்பை இனியேனும் உழைப்பாளியின் அறிவுக்குத் தருவோம்.