பாடத்தில் ஓபன் ஆஃபீஸ், வேலைக்கு எக்செல்: நாகரசம்பட்டி பிள்ளைகளுக்கு எது உதவும்?

போச்சம்பள்ளி பக்கம் உள்ள நாகரசம்பட்டியில் பிளஸ் ஒன் கம்ப்யூட்டர் பிரிவு எடுக்கும் ஒரு பெண்ணுக்கு, இரண்டு ஆபீஸ் சாஃப்ட்வேர்கள் காத்திருக்கின்றன. ஒன்று, பாடப்புத்தகத்தில் இருப்பது. இன்னொன்று, படிப்பை முடித்து போச்சம்பள்ளி சிப்காட்டிலோ ஓசூரிலோ பில்லிங், ஸ்டோர்ஸ் வேலை கேட்டுப் போகும்போது எதிரே வருவது. "எக்செல் தெரியுமாம்மா?" என்றுதான் அங்கே கேட்பார்கள்.

2018-ல் வந்த பதினோராம் வகுப்பு கணினிப் பயன்பாடுகள் புத்தகம் கற்றுத்தருவது ஓபன் ஆஃபீஸ். கடிதம் அடிக்க ரைட்டர், கணக்குப் போட கால்க், படம் காட்டி விளக்க இம்ப்ரெஸ். அதற்கு முந்தைய பிளஸ் டூ புத்தகத்தில் இருந்தது ஸ்டார் ஆஃபீஸ். இன்று முப்பதைத் தாண்டிய பலருக்கு அந்தப் பெயர் நினைவிருக்கும். இரண்டும் ஒரே குடும்பம்தான். ஜெர்மனியில் பிறந்த ஸ்டார் ஆஃபீஸை 1999-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வாங்கியது. அடுத்த ஆண்டே அதன் மூல நிரலை எல்லோருக்கும் திறந்துவிட்டது. அப்படி வந்ததுதான் ஓபன் ஆஃபீஸ்.

தமிழக அரசும் இந்தப் பாதையில் நடந்து பார்த்திருக்கிறது. 2007 வாக்கில் எல்காட் நிர்வாக இயக்குநராக இருந்த சி.உமாசங்கர் ஐ.ஏ.எஸ்., தன் அலுவலகத்தையே லினக்ஸுக்கு மாற்றினார். பள்ளிகளுக்கும் லினக்ஸ் கம்ப்யூட்டர்கள் போயின. 2011-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்திலோ விண்டோஸும் இருந்தது, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்!

பக்கத்து கேரளம் ஒரே பக்கமாக நின்றது. அங்கே பள்ளிகளின் தொழில்நுட்பத்தைக் கவனிக்கும் 'கைட்' என்ற அரசு நிறுவனம், 2019-ல் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கம்ப்யூட்டர்களுக்கு உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட லினக்ஸைக் கொடுத்தது. இதனால் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்றும் சொன்னது. அதாவது ஒரு கம்ப்யூட்டருக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரை. அதில் ஆபீஸ் மட்டுமல்ல, மற்ற எல்லா சாஃப்ட்வேர்களின் விலையும் சேர்ந்திருக்கிறது.

ஆனால், நாகரசம்பட்டிப் பெண்ணின் கவலை கோடிகளில் இல்லை. ஒரு அரைப்புள்ளியில் இருக்கிறது. 35 மதிப்பெண்ணுக்கு மேல் பாஸ், இல்லாவிட்டால் ஃபெயில் என்று பிரிக்க 'இஃப்' ஃபார்முலா போடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஓபன் ஆஃபீஸ் கால்க்கில் நடுவில் அரைப்புள்ளி (;) போட வேண்டும். எக்செல்லிலோ நம் ஊர் அமைப்பில் காற்புள்ளி (,). பள்ளியில் பழகியபடி இன்டர்வியூவில் அரைப்புள்ளி போட்டால் 'தப்பு' என்று திரை சொல்லும். கணக்கு அவளுக்குத் தெரியும். தெரியாதவள் என்ற பெயர்தான் மிஞ்சும்.

அப்படியானால் பள்ளியில் எக்செல்லையே வைத்துவிடலாமா? மைக்ரோசாஃப்ட்டும் பள்ளிகளுக்கு இணைய வழி ஆபீஸை இலவசமாகத் தருகிறது. ஆனால், அதற்கு நெட் வேண்டும். கணக்கு பள்ளியின் பெயரில் இருக்கும். பள்ளியை விட்டு வெளியே வந்த பிறகு? சொந்தமாக வாங்கினால் காசு. பென் டிரைவில் வரும் 'கிராக்' காப்பியோடு வைரஸும் வரலாம். கம்ப்யூட்டர் படிப்பு நீச்சல் மாதிரி. கை பழகாமல் வராது. வீட்டில் பழக முடியாத சாஃப்ட்வேர், வாரத்தில் சில பீரியடோடு நின்றுவிடும்.

இலவச சாஃப்ட்வேரின் உண்மையான பலம் இங்கேதான். அண்ணனின் பழைய லேப்டாப்பிலும் ஏற்றலாம், நெட் இல்லாமலும் ஓடும், தோழிக்கும் தாராளமாகக் கொடுக்கலாம். எதுவும் திருட்டு இல்லை. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். ஓபன் ஆஃபீஸின் கடைசி பெரிய பதிப்பு 2014-ல் வந்தது. அதன்பின் சின்னச் சின்னத் திருத்தங்கள்தான். 2010-ல் அதிலிருந்து பிரிந்த லிப்ரே ஆஃபீஸ்தான் ஆண்டுக்கு இரண்டு முறை புதுப்பிக்கப்படுகிறது. பாடப்புத்தகத்தில் இருக்கும் அதே ரைட்டர், கால்க், இம்ப்ரெஸ் அதிலும் உண்டு. எக்செல், வேர்ட் கோப்புகளைத் திறக்கும், அந்த வடிவத்திலேயே சேமித்தும் தரும்.

ஆசிரியர்கள் இரண்டு காரியங்கள் செய்யலாம். லிப்ரே ஆஃபீஸை மாணவர்களின் பென் டிரைவில் போட்டு வீட்டுக்கு அனுப்பலாம். பிளஸ் டூ முடிவதற்குள் சில வகுப்புகள் ஒதுக்கி, அதே கணக்கை எக்செல்லில் போடவைத்து, எங்கே அரைப்புள்ளி, எங்கே காற்புள்ளி, எந்த மெனு எங்கே என்று காட்டலாம்.

வரிசை எது, பத்தி எது, கூட்டுத்தொகை எப்படி, தப்பு வந்தால் எங்கே தேடுவது என்று புரிந்த பிள்ளைக்கு எந்த சாஃப்ட்வேரும் இரண்டு நாள் பழக்கம்தான். அந்தப் புரிதல் வர, வீட்டில் திறந்து பார்க்க அவளுக்கென்று ஒன்று இருக்க வேண்டும். சாஃப்ட்வேரைத் தேர்ந்தெடுக்கும்போது பள்ளிகள் முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான்.