பாதி பழுது

எங்கள் அறைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "உந்தக் குப்பையளை ஏன் சேர்த்து வைச்சிருக்கிறியள்?" என்பதுதான். ஈஸ்ற்ஹாமில் ஒரே வீட்டில் இருக்கிற நாங்கள் மூன்று பேர். மூவருக்கும் றெஸ்ரோறன்ற் குசினியில் வேலை. ஞாயிறு விடியற்காலையில் கார் பூட் சந்தைக்குப் போய்விட்டு அப்படியே வேலைக்கு ஓடுவோம். இப்படிச் சேர்ந்த குப்பைதான் நான்கு ஸ்பெக்ரம் கணனிகள்.

இந்தக் கணனியை 1982 ஏப்ரல் 23இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த சின்கிளேயர் நிறுவனம் வெளியிட்டது. யாழ் நூலகம் எரிந்து பதினொரு மாதம்கூட ஆகவில்லை. 16 கே நினைவகம் உள்ளது 125 பவுண், 48 கே உள்ளது 175 பவுண். றப்பர் பொத்தான்கள். திரைக்கு வீட்டு ரிவி. புரோகிராம்களைக் கசற்றிலிருந்து ஏற்றவேண்டும். எங்கள் ஆட்கள் குரலைப் பதிந்து ஊருக்கு அனுப்பிய அதே சாதாரணக் கசற்தான்.

நாற்பது வருடப் பெட்டியை வாங்கியவுடன் கரன்ற் கொடுக்கக்கூடாது. கொண்டென்சர்கள் காய்ந்திருக்கும். கீழ் 16 கே சிப்புகளுக்கு மூன்று விதமான வோல்ற்றேஜ் போகிறது. அதில் மைனஸ் ஐந்து நின்றுபோனால் சிப்புகள் எரிந்துவிடும். பொத்தான்களுக்குக் கீழே இருக்கும் மெல்லிய தாளும் காய்ந்து வெடித்திருக்கும். அது இன்றும் புதிதாய்ச் செய்து விற்கப்படுகிறது.

மூன்றாவது பெட்டி 48 கே. எல்லாம் மாற்றி எழுப்பிய பிறகு நினைவகத்தின் கடைசி முகவரியைக் கேட்டோம். 65535 வரவேண்டிய இடத்தில் 32767 வந்தது. மேல் 32 கே இல்லை.

அந்த மேல் 32 கேக்கு ஒரு கதை உண்டு. விலையைக் குறைப்பதற்காக, ஒரு பாதி பழுதான 64 கிலோபிற் சிப்புகளை மலிவாக வாங்கிப் போட்டார்கள். எந்தப் பாதி நல்லது என்று முதலே சோதித்து, ஒரே பாதி நல்லதாயுள்ள எட்டைச் சேர்த்து, பலகையில் ஒரு சிறு கம்பியால் அந்தப் பாதியைத் தெரிவுசெய்தார்கள். கணனிக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

எட்டிலும் விரல் வைத்துப் பார்த்தோம். ஒன்று கையைச் சுட்டது. அதைக் கழற்றிவிட்டு, பழுதில்லாத முழுச் சிப்பொன்றை ஒட்டினோம். 65535 வந்தது. ஆனால் அந்த முழுச் சிப்பிலும் பாதிக்குத்தான் வேலை. மற்றப் பாதி சும்மா கிடக்கும்.

எங்களில் மூத்தவர் பொறியியல் பட்டதாரி. மற்ற இருவரும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தை யுத்தத்தின் கடைசி வருடங்களில் பாதியில் விட்டு வந்தவர்கள். குசினியில் மூவருக்கும் ஒரே வெங்காயம், ஒரே சட்டி, ஒரே சம்பளம்.

"அப்ப அந்த முழுச் சிப் நான்தான்" என்றார் அண்ணை, சிரித்துக்கொண்டு. நாங்களும் சிரித்தோம். பிறகு ஒருவரும் பேசவில்லை.

கலியாணப் பேச்சிலும் வேலைக்கான படிவத்திலும் 'படிப்பு முடித்ததா?' என்றுதான் கேட்கிறார்கள். இல்லையென்றால் அத்தோடு சரி. பழுதான சிப்பைக்கூட எந்தப் பாதி நல்லதென்று சோதித்துத்தான் போட்டார்கள். எங்களை இந்த ஊரில் ஒருவரும் அப்படிச் சோதித்துப் பார்த்ததில்லை. ஆகையால் திங்கட்கிழமை ஓய்வில், மேசையில் மல்ரிமீற்றரை வைத்து, நாங்களே எங்களைச் சோதித்துக்கொள்கிறோம்.

நான்காவது பெட்டி இன்னும் திறக்கவில்லை.