மரம் நின்ற நூற்றைம்பது ஆண்டுகள்

பிரிட்டனின் கோட்டைகளைப் பற்றி எதை எடுத்துப் படித்தாலும் ஒரு செய்தி தப்பாமல் வந்துவிடுகிறது. 1066-க்குப் பின் நாட்டைப் பிடித்த நார்மானியர், அவசரத்துக்கு மண்ணைக் குவித்து அதன்மேல் மரக்கோட்டை எழுப்பினார்கள். காலூன்றிய பிறகு கல்லுக்கு மாறினார்கள் என்பது அது. மரத்தை வெறும் முன்னோட்டமாக்கிவிடும் இந்தக் கதை என்னை வெகுநாளாக உறுத்துகிறது. அவசரத்துக்குக் கட்டியது அவசரம் தீர்ந்ததும் மறைந்திருக்க வேண்டுமல்லவா? அதைச் சோதித்துப் பார்க்க வேல்ஸ் எல்லையில் மோன்ட்கோமரி ஊருக்கு அருகிலுள்ள ஹென் டோமனைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. செவர்ன் ஆற்றுத் துறையைக் கண்காணிக்க, ஷ்ரூஸ்பரியின் ஏர்ல் ரோஜர் 1070-களில் எழுப்பிய கோட்டை அது. இன்று மரங்கள் மூடிய ஒரு மண்குன்று, அதை ஒட்டிய முற்றம், சுற்றி இரட்டை மண்கரையும் அகழியும்: அவ்வளவுதான் எஞ்சியிருக்கிறது.

கோட்டையின் வயதைப் பற்றிச் சண்டையில்லை. 1086-இன் டூம்ஸ்டே பதிவேடு அதைக் குறிப்பிடுகிறது. முற்றத்து மண்கரைக்கு அடியில் பழைய உழவுச் சால்களும் அகப்பட்டன. யாரோ உழுது பின்பு கைவிட்ட வயலின்மேல்தான் கோட்டை ஏறியிருக்கிறது. சிக்கல் மண்ணுக்கு மேலே நின்றதைக் கண்டுபிடிப்பதில் இருக்கிறது. மரக்கோட்டையின் சான்றே மரம்தான், அதுவோ மக்கிப்போய்விட்டது. கம்பத்தைக் குழிதோண்டி நட்டிருந்தால் குழியின் மண் நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும். ஆனால் சட்டத்தைத் தரைமேல் கிடத்தி, அதன்மேல் சுவரை நிறுத்தினால் குழியே இருக்காது. குறுகலான சோதனைப் பள்ளம் வெட்டிப் பார்ப்பவருக்கு அங்கே வெறும் கூழாங்கல்லும் களிமண்ணும்தான் தெரியும். ‘ஒன்றுமில்லை’ என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். மரக்கோட்டைகளைப் பற்றிய தாழ்ந்த மதிப்பீட்டில் பெரும்பங்கு இப்படிப்பட்ட ‘ஒன்றுமில்லை’களால் ஆனது என்பது என் எண்ணம். 1960-இல் இங்கே அகழத் தொடங்கிய பிலிப் பார்க்கர் அந்த முட்டுச்சந்தில் நின்றுவிடவில்லை. பள்ளம் வெட்டுவதை விட்டு, பெரிய பரப்பை ஒரே நேரத்தில் திறந்து, மேல்மண்ணை மெல்ல வழித்தெடுத்தார். கூழாங்கல் பரப்பு எங்கே நேர்கோட்டில் முடிகிறது, எந்தக் கல் தேய்ந்திருக்கிறது, எது தேயவில்லை என்பதையெல்லாம் வரைந்துகொண்டே போனார். பின்னாளில் ராபர்ட் ஹையமும் சேர்ந்துகொள்ள, வேலை 1992 வரை நீண்டது. வெளிப்பட்டது நெருக்கமாகக் கட்டடங்கள் நிறைந்த ஒரு முற்றம். இடித்தும் மாற்றியும் தலைமுறை தலைமுறையாகத் திரும்பக் கட்டப்பட்டது. குன்றுக்குச் செல்லும் பாலமும் ஒன்று போய் ஒன்றாகப் போடப்பட்டிருந்தது.

திரும்பத் திரும்பக் கட்ட நேர்ந்ததே மரத்தின் பலவீனம்தானே என்று கேட்கலாம். நட்ட கம்பம் மக்கும், உண்மை. ஆனால் மக்கும் என்று தெரிந்தும் அதே இடத்தில் மரத்தையே மீண்டும் எழுப்பியவர்கள் கல்லுக்காகக் காத்திருந்தவர்களாக எனக்குத் தோன்றவில்லை. பழுதுபார்க்கத் தச்சர் இருந்தார்கள், அறிவு இருந்தது, அந்த ஒழுங்கு தலைமுறை தாண்டியும் கைமாறியிருக்கிறது. வலுவான மறுப்பு வேறொன்று: 1095-இல் வேல்ஸ் வீரர்கள் இந்தக் கோட்டையைப் பிடித்துக் காவற்படையைக் கொன்றார்கள். மரம் தோற்றதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? நான் இதை எதிர்த்திசையில் படிக்கிறேன். அந்தத் தோல்விக்குப் பிறகும், 1102-இல் ரோஜரின் மகன் கலகம் செய்து உடைமையை இழந்தபின் பால்ட்வின் டி பூலரின் குடும்பம் இங்கே அமர்ந்தபோதும், கோட்டை மரமாகவே நீடித்தது. அடிபட்டவர்கள் பாடம் கற்றிருந்தால் அப்போதே கல்லைத் தேடியிருக்க வேண்டும்.

1223-இல் மூன்றாம் ஹென்றி அருகிலுள்ள பாறைமுகட்டில் கற்கோட்டை கட்டத் தொடங்கியது ‘மரத்திலிருந்து கல்லுக்கு’ என்ற பழைய கதைக்கே வலு சேர்ப்பதுபோலத் தெரியும். இந்த இடத்தில் என் வாதத்தைச் சற்றுத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. கல் வந்தது உண்மை. ஆனால் அது ஹென் டோமனின் வளர்ச்சியாக வரவில்லை. கட்டியவர் ஓர் எல்லைப்புறப் பிரபு அல்ல, அரசர். பணம் அரசுக் கருவூலத்தினுடையது. மாறியது கட்டுமான அறிவைவிட, யார் செலவில் கட்டுவது என்பதே. அதற்குப் பிறகும் பழைய மண்குன்று உடனே கைவிடப்படவில்லை. ஏறக்குறைய அந்த நூற்றாண்டின் இறுதிவரை அங்கே ஆள் புழக்கம் இருந்தது.

இந்த வாதத்தில் ஒரு பலவீனம் உண்டு. கிடைத்த பானையோடுகளும் உலோகப் பொருள்களும் அவ்வளவு கட்டடங்களுக்குக் குறைவு. அங்கே வாழ்ந்தவர்கள் எளிமையானவர்களா, அல்லது செல்வத்தின் தடயம் வேறெங்கோ கிடக்கிறதா? அகழப்பட்டது முற்றத்தின் வடபாதிதான். தென்பாதி இன்னும் தோண்டப்படாமலே இருக்கிறது. அதையும் பார்க்கரின் முறையில் பரப்பாகத் திறந்தால், என் வாதத்தை உறுதிசெய்யவோ உடைக்கவோ அந்த மண்ணால் முடியும்.